யளனகபக

போன சித்திரையில் ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டுக்கு வெள்ளையடிக்க வேண்டும் என்று பரணைக் காலி பண்ணினோம். பித்தளை அண்டா, உடைந்த கொலுப் பொம்மை, 1987-ன் பஞ்சாங்கம் எல்லாம் இறங்கிய பிறகு கடைசியாக ஒரு பிஸ்கட் டின் வந்தது. அத்தை அதை ஆட்டிப் பார்த்துவிட்டு, "ஏய்யா, இது உன் சாமான்போல இருக்கு" என்று என்னிடம் நீட்டினாள். உள்ளே இரண்டு பிளாப்பி. மூன்றரை இஞ்ச், கறுப்பு. ஒன்றில் ‘மாமா 1: அ முதல் ஞ’, இன்னொன்றில் ‘மாமா 2: த முதல் வ’. எழுத்து என்னுடையதுதான்.

எனக்குக் கொஞ்சம் வேர்த்தது. வெயிலால் இல்லை.

1996-ல் நான் ராஜபாளையத்தில் தென்காசி ரோடு பக்கம் ஒரு டி.டி.பி. சென்டர் வைத்திருந்தேன். ஒரு 486 கம்ப்யூட்டர், 8 எம்.பி. ராம், ஒரு செகண்ட் ஹேண்ட் லேசர் பிரிண்டர், வாசலில் ‘இங்கு கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, பூப்புனித நீராட்டு நோட்டீஸ்கள் கம்ப்யூட்டரில் செய்து தரப்படும்’ என்று ஒரு போர்டு. பக்கத்திலேயே சிவகாசி என்கிற அச்சு சமுத்திரம் இருக்கும்போது ராஜபாளையத்தில் யார் வருவார்கள் என்று நண்பர்கள் கேட்டார்கள். வந்தார்கள். காரணம் என் திறமை அல்ல. என்னிடம் அழகான தமிழ் எழுத்துருக்கள் இருந்தன. 40 விதம். கோலம் போட்டாற்போல ஒன்று, கொடி படர்ந்தாற்போல ஒன்று. பெண் வீட்டார் ஆல்பம் புரட்டுவது மாதிரி எழுத்துரு புரட்டினார்கள்.

அந்த எழுத்துருக்களோடு கட்டைவிரல் அளவில் ஒரு சமாச்சாரம் வரும். ‘டாங்கிள்’ என்பார்கள். பிரிண்டர் போர்ட்டில் அதைச் செருகினால்தான் தமிழ் அடிக்க முடியும். பிடுங்கினால் தமிழ் போச்சு. ஒரு மொழியின் எழுத்துக்களை ஒரு பிளாஸ்டிக் துண்டுக்குள் பூட்டி வைத்திருக்கிறார்களே என்று எனக்கு அப்போது கோபம் வரவில்லை. பெருமையாகத்தான் இருந்தது. காசு கொடுத்து வாங்கியவன் நான். பக்கத்துக் கடைக்காரன் திருட்டுக் காப்பி.

என் மாமா தமிழ் வாத்தியார். கி. ராஜநாராயணன் கரிசல் வட்டாரச் சொற்களைத் திரட்டி அகராதி போட்டதைப் படித்த நாளிலிருந்து அவருக்கு ஒரு பித்து. தன் அம்மா, அதாவது என் அம்மாச்சி, வாயிலிருந்து வந்த சொற்களை எல்லாம் நோட்டில் எழுதி வைத்துக்கொண்டே இருந்தார். சந்தையில், பால்கோவா அடுப்படியில், தறிக்காரர் வீட்டுத் திண்ணையில் கேட்டதும் சேர்ந்துகொண்டது. 8 நோட்டு. சுமார் 1,300 சொற்கள். ரிட்டயர் ஆனதும் 1997-ல் பையில் போட்டு, பஸ் ஏறி, என் கடைக்கு வந்தார்.

"இத அச்சுல பாக்கணும்டா மாப்ள."

என் கடையில் டைப் அடித்த பெண் இரண்டு மாதத்தில் அடித்து முடித்தாள். நான் மாமாவுக்கு மிக நல்ல எழுத்துருவைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தேன். புரூஃப் ஒரு பிரதி மதுரையில் ஒரு பதிப்பகத்துக்குப் போனது, போனதுதான். பொங்கலுக்கு வீடு ஒழித்தபோது மாமா அந்த நோட்டுகளை என்ன செய்வது என்று கேட்டார். நான் சொன்ன பதிலை 27 வருஷமாக யாரிடமும் சொன்னதில்லை, இங்கே சொல்கிறேன்: "அதான் கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சே மாமா, நோட்டு எதுக்கு?"

பழைய பேப்பர்காரர் கிலோக்கணக்கில் எடுத்துக்கொண்டு போனார்.

மாமா 2001-ல் காலமானார். 2003-ல் கடையை மூடினேன். கம்ப்யூட்டரை வாங்கினவருக்கு டாங்கிளையும் சேர்த்தே கொடுத்துவிட்டேன். எழுத்துரு விற்ற கம்பெனியின் போன் நம்பர் எப்போதோ வேறொருவருக்குப் போய்விட்டது. பிளாப்பி இரண்டு மட்டும் பரணில்.

இப்போது பிளாப்பி படிக்கும் டிரைவ் எந்தக் கம்ப்யூட்டரிலும் கிடையாது. யு.எஸ்.பி.யில் செருகும் ஒன்றை ஆன்லைனில் வாங்கினேன். முதல் பிளாப்பியைப் போட்டேன். கிர்ர்... டக். கிர்ர்... டக். பல்லி சொல்வது மாதிரி. எடுத்து ஷட்டரைத் தள்ளிப் பார்த்தால் உள்ளே வட்டத்தட்டில் வெள்ளையாகப் பூஞ்சை. ஸ்பிரிட்டில் துடைத்தேன், மறுபடி போட்டேன், நாலு நாள் முயன்றேன். அ முதல் ஞ வரை போனது போனதுதான். ஒவ்வொரு எழுத்துக்கும் தனியாக ஒரு காப்பி வைக்கத் தோன்றாமல், ஒரே புத்தகத்தை இரண்டாகப் பிளந்து இரண்டு பிளாப்பியில் போட்ட புத்திசாலி யார் என்று கேட்காதீர்கள்.

இரண்டாவது திறந்தது. அந்தப் பெண் நல்லவள். பேஜ்மேக்கர் கோப்போடு, சாதாரண டெக்ஸ்ட் கோப்பாகவும் ஒன்று சேமித்து வைத்திருந்தாள். பேஜ்மேக்கரை அடோபி 2001-க்குப் பிறகு புதுப் பதிப்பே போடவில்லை. இன்று அந்தக் கோப்பைத் திறப்பது லேசான காரியம் இல்லை. டெக்ஸ்ட் கோப்புக்கு அந்த வம்பே இல்லை. நோட்பேடில் திறந்தேன்.

முதல் வரி: ஜே, இசட், அரைப்புள்ளி, எல், எல், அரைப்புள்ளி, பி.

அதற்குக் கீழே இதே ரகத்தில் ஆயிரக்கணக்கான வரிகள். எல்லாம் ஆங்கில எழுத்து, அரைப்புள்ளி, அடைப்புக்குறி. நடுநடுவே பெரிய எழுத்துக்கள். பூனை கீபோர்டில் நடந்த மாதிரி.

என்ன நடந்தது என்று விளக்கிவிடுகிறேன். கம்ப்யூட்டருக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். 106 என்ற எண் வந்தால் ஆங்கிலச் சின்ன ‘ஜே’ என்று உலகம் ஒத்துக்கொண்டிருக்கிறது. 90-களில் தமிழுக்கு அப்படி ஓர் ஒப்பந்தம் கிடையாது. எனவே எழுத்துரு செய்தவர்கள் ஒரு குறுக்குவழி பிடித்தார்கள். எண் அதே 106; படம் மட்டும் ‘த’. கம்ப்யூட்டர் கடைசி வரைக்கும் தான் ஆங்கிலம் அடிப்பதாகவே நினைத்துக்கொண்டிருக்கும். நாம் தமிழ் பார்த்துக்கொண்டிருப்போம். முகமூடி இருக்கும் வரை நாடகம் நடக்கும். எழுத்துரு போய்விட்டால் வேஷம் கலைந்து, உள்ளே இருந்த ஆங்கில எழுத்துக்கள் நிற்கும். இதில் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொரு முகமூடி. ஒருவரின் ‘த’ இன்னொருவருக்கு ‘லூ’.

அந்த நாள் வெப்சைட்டுகளும் இப்படித்தான். ‘இந்தப் பக்கத்தைப் படிக்க எங்கள் எழுத்துருவை இறக்கிக்கொள்ளவும், இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் மட்டும் பார்க்கவும்’ என்று வாசலிலேயே இரண்டு கட்டளை. நாலு தமிழ்ப் பத்திரிகை படிக்க நாலு எழுத்துரு. எழுத்துருவைத் தானே இறக்கும் வித்தை ஒன்றும் வந்தது, அதிலும் எக்ஸ்ப்ளோரருக்கு ஒரு ரகம், நெட்ஸ்கேப்புக்கு ஒரு ரகம். எதையும் தேட முடியாது. தேடுகிற இயந்திரத்துக்கு அது தமிழ் என்றே தெரியாதே. நெட்ஸ்கேப் போய்ச் சேர்ந்தது. எக்ஸ்ப்ளோரரையும் 2022 ஜூனில் மைக்ரோசாஃப்ட்டே மூட்டை கட்டிவிட்டது.

ரயில்வேயை நினைத்துப் பாருங்கள். ராஜபாளையத்துக்காரனுக்கு இது சுலபமாகப் புரியும். விருதுநகரிலிருந்து சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், சங்கரன்கோவில் வழியாகத் தென்காசி போகிற எங்கள் பாதை ஒரு காலத்தில் மீட்டர் கேஜ். இரண்டு தண்டவாளத்துக்கு நடுவே 1,000 மில்லிமீட்டர். நாட்டின் பெரிய பாதைகளோ 1,676 மில்லிமீட்டர். எங்கள் பெட்டி அங்கே ஓடாது, அவர்கள் பெட்டி இங்கே வராது. பஞ்சு மூட்டையானாலும் மாம்பழக் கூடையானாலும் ஏதாவது ஒரு ஜங்ஷனில் இறக்கி ஏற்ற வேண்டும். 1992-ல் ரயில்வே ‘யூனிகேஜ்’ என்று ஒரு திட்டம் கொண்டுவந்து ஒவ்வொரு பாதையாக அகலப்படுத்தியது. எங்கள் முறை 2000-களின் தொடக்கத்தில் வந்தது. இப்போது சென்னையிலிருந்து பொதிகையில் ஏறிப் படுத்தால் காலையில் ராஜபாளையம்.

அந்த யூனிகேஜுக்கு ஒரு வருஷம் முன்னால், 1991-ல், அமெரிக்காவில் வெளியானது யூனிகோடின் முதல் பதிப்பு. உலகத்து எழுத்து ஒவ்வொன்றுக்கும் யாரும் பிடுங்க முடியாத ஒரு நிரந்தர எண். தமிழுக்கு 128 இடம் ஒதுக்கினார்கள். அதாவது நான் கடை போட்டு, டாங்கிள் வாங்கி, நோட்டை எடைக்குப் போடச் சொன்னதற்கு 5 வருஷம் முன்பே மருந்து கண்டுபிடித்தாகிவிட்டது. ராஜபாளையத்துக்கு வரத் தாமதமாயிற்று, அவ்வளவுதான். விண்டோஸில் தமிழ் யூனிகோடு ஒழுங்காகத் தெரிந்ததே விண்டோஸ் 2000-த்தில்தான். ‘லதா’ என்று ஓர் எழுத்துரு அதில் சும்மாவே வந்தது. பார்க்கச் சுமார்தான். என் 40 எழுத்துருக்களின் பக்கத்தில் நிற்காது. அதனால் நான் அதை மதிக்கவில்லை.

நடுவில் தமிழர்கள் சும்மா இருக்கவில்லை. 1997-ல் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி முயற்சியில் கூடிப் பேசினார்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் ‘தமிழ்இணையம் 99’ மாநாடு. அதிலிருந்து தமிழ்நாட்டு அரசு ‘தமிழ் 99’ என்ற விசைப்பலகையையும், ‘டாப்’, ‘டாம்’ என்ற இரண்டு குறியீட்டு முறைகளையும் தந்தது. இன்னொரு பக்கம் இணையத்தில் கடிதம் எழுதி எழுதியே உலகத் தமிழர்கள் உருவாக்கிய ‘திஸ்கி’. சண்டை தீர்க்க உட்கார்ந்தவர்கள் எழுந்தபோது மேலும் மூன்று பாதைகள் ஆகியிருந்தன. நம்ம ஊர்ப் பஞ்சாயத்து! கடைசியில் 2010-ல் கோவைச் செம்மொழி மாநாட்டின்போது யூனிகோடையும், அதோடு ‘டேஸ்’ என்ற 16 பிட் முறையையும் அரசாணை போட்டு ஏற்றார்கள்.

யூனிகோடு மேல் எனக்குக் குறை உண்டு. பலரும் சொன்ன குறைதான். இந்திய மொழிகளுக்கு எல்லாம் பொதுவாக நம் அரசாங்கம் தயாரித்து வைத்திருந்த ‘இஸ்கி’ என்ற அட்டவணையை அப்படியே வாங்கி, தேவநாகரிக்குத் தைத்த சட்டையைத் தமிழுக்கு மாட்டிவிட்டார்கள். ‘ன’ என்னும் நம் கடைசி மெய், ‘ந’வுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்திருக்கிறது. விவரம் தெரியாத புரோகிராமர் அதை அப்படியே அகரவரிசைப்படுத்தினால் ‘மனம்’ முன்னால் வரும், ‘மரம்’ பின்னால் போகும். அகராதிக்கார மாமாவுக்கு இது தெரிந்திருந்தால் சண்டைக்குப் போயிருப்பார். ‘கொ’ என்பது நமக்கு ஓர் எழுத்து. அங்கே இரண்டு எண். 247 எழுத்துக்கும் தனித்தனி இடம் கேட்ட ‘டேஸ்’காரர்களின் நியாயம் எனக்குப் புரியத்தான் செய்கிறது. இடம் மிச்சம் என்று அவர்கள் சொன்ன இன்னொரு வாதம் பென் டிரைவ் மலிந்ததும் செத்துப்போனது.

ஆனால் ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற ரோடு கோணல் என்பதற்காக ஊருக்கு ஊர் தனி ரோடு போட முடியுமா? எல்லா பஸ்ஸும் இதில்தான் போகிறது. நானும் ஏறிவிட்டேன்.

சரி, என் பிளாப்பிக்கு வருவோம். பழைய எழுத்துருவை யூனிகோடாக மாற்றித் தர நல்ல மனிதர்கள் இலவசமாகவே கருவிகள் எழுதி வைத்திருக்கிறார்கள். சுரதாவின் மாற்றி, என்.எச்.எம். கன்வர்ட்டர் என்று. காசு வாங்காமல் இவர்கள் செய்த காரியத்துக்கு யாரும் சிலை வைக்கப்போவதில்லை. அதிலெல்லாம் போட்டேன். பாதி தமிழ், பாதி கூழ். டாங்கிள்காரர்கள் தங்கள் முகமூடியில் சில இடங்களை மட்டும் மாற்றி வைத்திருந்தார்கள் போல. உயிர்மெய்யில் உகர ஊகாரம் எல்லாம் தாறுமாறு. ‘குருவி’ எங்கே, ‘பூட்டு’ எங்கே என்று தெரியவில்லை.

அன்றைக்கு ராத்திரி சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு முழித்துக்கொண்டிருந்தேன். அத்தை மோர் கொண்டுவந்து வைத்தாள். வயது 78. கம்ப்யூட்டரை இன்றுவரை தொட்டதில்லை. திரையை ஒரு நிமிஷம் பார்த்தாள்.

"இது என்னது, டைப்ரைட்டிங் கிளாஸ் மாதிரி."

"ஒண்ணும் இல்லத்தே. மாமாவோடது. படிக்க முடியல."

அத்தை நின்றுகொண்டே இரண்டு கையையும் மேஜை விளிம்பில் வைத்தாள். விரல்கள் தானாக வளைந்து உட்கார்ந்தன. ஜே என்ற இடத்தில் வலது ஆள்காட்டி விரல் ஒரு தட்டு. இசட்டுக்கு இடது சுண்டுவிரல் கீழே இறங்கியது. அரைப்புள்ளிக்கு வலது சுண்டுவிரல்.

"த... ண்... ட... ட்... டி. தண்டட்டி."

எனக்குப் புல்லரித்துவிட்டது.

அத்தை கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் ராஜபாளையத்தில் ஒரு மில் ஆபீஸில் டைப்பிஸ்டாக இருந்தவள். தமிழ் ஹையர், இங்கிலீஷ் லோயர். தினமும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ். இன்ஸ்டிட்யூட்டில் ஆங்கிலம் படிப்பவர்கள் முதல் பாடமாக ‘ஏ எஸ் டி எஃப் ஜி எஃப்’ என்று அடிப்பார்கள் அல்லவா, அதே விரல், அதே சாவிகளில் தமிழ் மெஷினில் விழுவது ‘யளனகபக’. வலது கைக்கு வந்தால் ஜே என்பது த, கே என்பது ம, எல் என்பது ட, அரைப்புள்ளி என்பது மெய்யின் மேல் வைக்கிற புள்ளி. எழுத்துருக்காரர்கள் புதிதாக ஒன்றும் யோசிக்கவில்லை. தட்டச்சு தெரிந்தவர்களுக்கு வசதியாக இருக்கட்டும் என்று பழைய தமிழ் டைப்ரைட்டரின் வரிசையை அப்படியே ஆங்கிலச் சாவிகள் மேல் ஒட்டியிருக்கிறார்கள். இலங்கையில் பரவலாகப் புழங்கிய பாமினி எழுத்துருவும் இதே வழிதான். அதில் ‘தமிழ்’ என்பது ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி.

எல்லாவற்றுக்கும் மூலம் ஆர். முத்தையா. யாழ்ப்பாணத்துக்காரர். 247 எழுத்தை ஒரு டைப்ரைட்டரின் சாவிகளுக்குள் எப்படி அடக்குவது என்று மண்டையை உடைத்துக்கொண்டு தமிழ் டைப்ரைட்டர் வரிசையைச் செய்தவர். அவர் செய்த தந்திரம் ‘நகரா விசை’. புள்ளிச் சாவியை அடித்தால் புள்ளி விழும், ஆனால் வண்டி நகராது. அடுத்து அடிக்கிற ‘க’ அந்தப் புள்ளிக்குக் கீழேயே வந்து விழும். ஆக டைப்ரைட்டரில் புள்ளி முதலில், எழுத்து பிறகு. கோப்பிலோ எழுத்து முதலில், புள்ளி பிறகு. அத்தை அதையும் இரண்டாவது வரியிலேயே கண்டுபிடித்துவிட்டாள். "இந்தப் பிள்ளை புள்ளியைப் பின்னாடி வச்சிருக்கு, மார்க் குறைப்பாங்க."

அதற்கப்புறம் 11 ராத்திரி. நான் திரையைப் பார்த்து வாசிப்பேன்: "பெரிய எஃப்." அத்தை மேஜையில் ஷிப்டுக்கு ஒரு விரலை அழுத்தி, "கு" என்பாள். "பெரிய யு." "ரு." கம்பெனிக்காரன் மாற்றி வைத்திருந்த இடங்கள் வரும்போது, "இது எங்க மெஷின்ல இல்ல, அக்கம்பக்கத்து எழுத்தைச் சொல்லு" என்று கேட்டு, சொல்லை வைத்து எழுத்தைப் பிடிப்பாள். முழு அட்டவணை தயாரானதும் நான் பைத்தானில் 40 வரி எழுதினேன். அதிலும் ஒரு வேடிக்கை. பழைய முறையில் கொம்பு தனியாக முன்னால் நிற்கும். ‘வெள்ளாமை’ என்பதில் கொம்பு, வ, ள என்று வரும். கம்ப்யூட்டர் அந்த ‘ள’வை ஔகாரத்தின் வால் என்று நினைத்து, ‘வௌ்ளாமை’ என்று எழுதிவிட்டது. இணையத்தில் பழைய தமிழ்க் கட்டுரைகளில் ‘வௌி’, ‘தௌிவு’ என்று விகாரமாகப் பார்த்திருப்பீர்களே, காரணம் இதுதான். அதற்கு ஒரு விதி எழுதி, பட்டனைத் தட்டினேன்.

மாமா பேச ஆரம்பித்தார்.

முதல் சொல் முழுசாக இப்படி இருந்தது: ‘தண்டட்டி: அம்மா காதில் கிடந்தது. 1962-ல் எனக்கு டீச்சர் டிரெய்னிங்குக்குப் பணம் கட்ட ராஜபாளையத்தில் கழற்றிக் கொடுத்தாள். காதுத் துளை கடைசி வரை இருந்தது. அதில் என் விரலை விட்டு விளையாடியிருக்கிறேன்.’

அம்மாச்சியின் நீண்ட காதை நானும் பார்த்திருக்கிறேன். தண்டட்டி எங்கே போயிற்று என்று கேட்டதில்லை. என் கடையில், என் மெஷினில், எனக்கு நாலடி தள்ளி உட்கார்ந்து ஒரு பெண் இதை அடித்திருக்கிறாள். நான் எழுத்து அழகாக விழுகிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அத்தை ஒன்றும் சொல்லவில்லை. "மேல படி" என்றாள்.

நொம்பலம், பட்டாசல், பைய, வெஞ்சனம், வெரசா. ‘வெஞ்சனம்: சோற்றுக்குத் தொட்டுக்கொள்வது. இல்லாத நாளில் அம்மா, ‘பேச்சுதான் இன்னைக்கு வெஞ்சனம்’ என்பாள்.’ ஓரிடத்தில் ‘மாகாணி’ என்று இருந்தது. பதினாறில் ஒன்று. அதற்குப் பக்கத்தில் வெறும் இடைவெளி. மாமா நோட்டில் அந்தப் பழைய பின்னக் குறியைக் கையால் வரைந்திருக்க வேண்டும். டைப் அடித்த பெண்ணிடம் அதற்கு எழுத்து இல்லை, 40 எழுத்துருவிலும் இல்லை, பிறகு பேனாவால் போட்டுக்கொள்ளலாம் என்று விட்டிருக்கிறாள். 2019-ல் வந்த யூனிகோடு 12-ஆம் பதிப்பில் தமிழ்ப் பின்னங்கள், பழைய அளவைக் குறிகள் என்று 51 குறிகளைச் சேர்த்தார்கள். முந்திரி என்கிற 320-ல் ஒன்றுக்குக்கூட ஓர் எண் உண்டு. இதெல்லாம் யாருக்கு வேண்டும் என்று அன்றைக்கு நானே கேட்டேன். 27 வருஷம் காலியாகக் கிடந்த அந்த இடத்தில் மாகாணியைப் போட்டேன்.

த முதல் வ வரை 600-க்குக் கொஞ்சம் மேல் தேறியது. கோப்பை இப்போது நாலு இடத்தில் வைத்திருக்கிறேன். ஒன்று காகிதத்தில்.

மிச்சம் அ முதல் ஞ. அது பூஞ்சைக்குப் போனது. ஒரு வாரம் கழித்து அத்தையே கேட்டாள்: "அங்கணம் இருந்திச்சா அதுல?"

"இருந்திருக்கும்த்தே. அ-வாச்சே."

"அப்ப எழுது."

பேசினாலே எழுதும் போனை எடுத்து நீட்டினேன். அத்தை "அங்கணம்" என்றாள். அது ‘அங்கனம்’ என்று போட்டது. மறுபடி அழுத்திச் சொன்னாள். ‘அங்கே நம்ம’ என்றது. "மூணு சுழி ண வராத இது என்ன டைப்பிஸ்ட்டு, தள்ளு" என்று லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். கம்ப்யூட்டரைத் தொட்டாள் என்பதை நான் கவனித்த மாதிரியே காட்டிக்கொள்ளவில்லை. பழைய டைப்ரைட்டர் வரிசையிலேயே அடித்தால் யூனிகோடாக விழும்படி ஒரு கருவியைப் போட்டுக் கொடுத்தேன். லேப்டாப் கீபோர்டு அவளுக்குப் பிடிக்கவில்லை, "அழுத்தினதே தெரியல, அப்பளம் மாதிரி இருக்கு." டக் டக் என்று சத்தம் போடும் பழைய டி.வி.எஸ். கீபோர்டு ஒன்றை ஷெல்ஃபிலிருந்து தூசி தட்டிக் கொண்டுவந்தேன். என் வாழ்நாளில் நான் வாங்கிய ஹார்டுவேரில் இன்னும் உழைக்கிறது அது ஒன்றுதான்.

முதல் நாள் விரல்களைச் சூடு பண்ண ‘யளனகபக’ 3 வரி அடித்தாள். அப்புறம் அங்கணம்.

இப்போது ‘ஏனம்’ தாண்டி ‘கும்பா’வுக்கு வந்திருக்கிறோம். அங்கேதான் ஒரு வாரமாக நிற்கிறது. அம்மாச்சி கஞ்சி குடித்த கும்பா வெண்கலம் என்கிறாள் அத்தை. என் அம்மா போனில், இல்லை, அது பித்தளை, எனக்குத் தெரியாதா என்கிறாள். இருவருமே விடுவதாக இல்லை. அந்த வரியில் ஓர் இடைவெளி விட்டு வைத்திருக்கிறேன்.